லோரன்ஸை உங்கள் கடைக்கு எடுத்துக்கொள்வது சம்பந்தமாக

கண்டி.

மதிப்புக்குரிய மச்சான் ஸ்ரீதரன் அவர்களுக்கு,

நீங்களும் என் தங்கச்சி கஜலட்சுமியும் நாவலப்பிட்டியில் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். ஊரெல்லாம் சுகமாக இருந்தால் என் இப்போதைய தொழில் படுத்துவிடும். ஆனாலும் நீங்கள் இரண்டு பேரும் சுகமாகவே இருங்கள்.

உங்கள் துணிக்கடையில் நான் நின்ற சேலைப் பக்கத்தை நேற்று வந்த கணேஸுக்குக் கொடுத்து, என்னை ஆம்பிளைகள் கட்டுகிற சாரம் விற்கும் பக்கம் தள்ளினீர்களே, அந்தக் கோபத்தில்தான் இங்கே ஒரு மலர்ச்சாலையில் சேர்ந்தேன். பிணப்பெட்டி விற்கும் இடத்துக்கு இப்படியொரு பெயர். முதல் நாளே தகப்பனைப் பறிகொடுத்த ஒருவர் வந்தார். இத்தனை வருசப் பழக்கம் விடுமா? "உக்காருங்க சார், சோடா குடிக்கிறீங்களா? இது புது டிசைன், கண்டியில நம்மகிட்ட மட்டுந்தான்" என்று பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினேன். விலையும் படிந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். சாவுக் காரியத்தில் போகிறவரை 'வாங்க' என்று சொல்லக்கூடாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நானோ வாசல் வரைக்கும் போய்க் கும்பிட்டு, "அடுத்த தடவை குடும்பத்தோட வாங்க சார்" என்றேன். மனுசன் பெட்டியே வேண்டாம் என்று போய்விட்டார். முதலாளி என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், "தனபாலன், நீங்க கொஞ்ச நாளைக்குப் பேச வேணாம்" என்றார்.

பேசாமல் இருப்பதற்கு இங்கே ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான். லோரன்ஸ் என்று பெயர். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து நிற்பான். அவ்வளவுதான் அவன் வேலை. சனங்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள், போகும்போது நன்றி வேறு சொல்கிறார்கள். போன கிழமை வத்தேகமவிலிருந்து சூசையம்மா என்று ஒரு டீச்சரம்மா, கல்லு மாதிரி இருக்கிற மனுசி, பஸ் ஏறி வந்து, "எனக்கு ஒன்னுன்னா இந்தத் தம்பிதான் வந்து நிக்கணும், மத்தவர் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தவர் நான்தான். எனக்கு வயிறு எரிகிறது மச்சான். நானும் வீட்டு அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பழகினேன். "கழுத்து பிடிச்சிருச்சா?" என்று நிரோஷினி தைலத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். இருபது வருசம் கூட வாழ்ந்த பெண்சாதி!

மாத முடிவில் எங்கள் இரண்டு பேரில் ஒருவரைத்தான் முதலாளி நிரந்தரமாக்குவார். இந்த வயதில் இதுவும் போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆகையால் லோரன்ஸை நீங்கள் உங்கள் கடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கமான பையன். துணி தெரியாது, நானே பழக்கித் தருகிறேன். இன்று மாலை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

கஜலட்சுமிக்கு என் ஆசீர்வாதம். கணேஸுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
தனபாலன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். லோரன்ஸ் வந்து போய்விட்டான். ஒரு சேலையைக் கொடுத்து விரித்துக் காட்டச் சொன்னேன். தோளில் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, வாயைத் திறக்காமல் நின்றான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த நிரோஷினி, "எவ்வளவுன்னாலும் பரவாயில்ல, இத எனக்கு எடுத்துக் குடுங்க" என்கிறாள். அது அவளுடைய சேலைதான் மச்சான். போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்து, நிறம் சரியில்லை என்று அவள் ஒரு தடவைகூடக் கட்டாமல் அலுமாரியில் போட்டது. உங்கள் கடையில் நான் நின்ற சேலைப் பக்கத்தில் இவன் நிற்பதை என்னால் தாங்க முடியாது. இங்கே நிரந்தரம் அவனுக்கே போகட்டும். திங்கட்கிழமை காலை ரயிலில் நான் வருகிறேன், சாரம் என்றாலும் சரி. கணேஸை மட்டும் இங்கே அனுப்பிவிடுங்கள். கொஞ்ச நாள் லோரன்ஸ் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.