மாமனார் ஏறாத வண்டி

"பிரேக்க மிதிக்காத" என்று மாமியார் ஹில்மா அத்தை சொன்னபோது லைல் ஏற்கெனவே மிதித்திருந்தான்.

வண்டி தன் இஷ்டத்துக்கு ஒரு அரை வட்டம் அடித்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஜன்னல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு பின்பக்கம் தாழ்ந்து, சாலையோரப் பள்ளத்துப் பனிக்குள் மெத்தென்று உட்கார்ந்துகொண்டது.

பின் இருக்கையில் பெல்ட் போட்டு வைத்திருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி மட்டும் அசையவில்லை. மாமனார் ஆர்வோவைச் சாம்பலாக்கி அதில்தான் கொடுத்திருந்தார்கள்.

"ரோடு உறையறதுக்கு முந்தி பாலம் உறையும். இங்க பொறந்த நாய்க்குக்கூடத் தெரியும்."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சு என்ன பண்ண? உன் காலுக்குத் தெரியலையே."

ஏரியில் எல்லோரும் காத்திருந்தார்கள். மாமனார் மீன் பிடித்த அதே ஏரியில், பனிக்கட்டியில் துளை போட்டு, அவரை உள்ளே கரைக்க ஏற்பாடு. மண் உறைந்து பாறையாக இறுகிக் கிடக்கிற மாதத்தில் செத்தவருக்கு வேறு வழி கிடையாது. வசந்தம்வரை அலமாரியில் வைத்துக்கொள்ள அத்தைக்கு விருப்பமில்லை.

ஆர்வோ முப்பது வருஷம் மாவட்டத்தின் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். அவர் தள்ளாத சாலை இல்லை. தள்ளிய பனியை வீட்டுக்கு வீடு வாசலில் குவித்துவிட்டுப் போவார். போன வாரம், அவருக்குப் பதிலாக வந்த பையன் அவர் வாசலில் குவித்துவிட்டுப் போன பனியை வாரும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஊரே துக்கம் விசாரித்தது. யாரும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

உயிரோடு இருந்தவரை அவர் லைல் வண்டியில் ஏறியதில்லை. "நடந்து போனா எலும்பாவது மிஞ்சும்" என்பார். நேற்று மனைவி கார்லா அவனைச் சமையலறையில் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தாள்:

"அப்பா சாகற வரைக்கும் உன் வண்டியில ஏறல. நாளைக்கு ஏறப்போறாரு. வண்டியச் சுத்தமா வையி. பத்திரமாக் கொண்டுவந்து சேரு. இதையும் சொதப்பின, நான் அம்மா வீட்டுலயே இருந்துக்கறேன். கோவத்துல சொல்லல. யோசிச்சுத்தான் சொல்றேன்."

காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. அத்தை வீட்டு வாசப்படிகூட வழுக்கவில்லை. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் உறைந்து எப்போதும் கண்ணாடியாகக் கிடக்கும் படி அது. லைல் வருஷம் தவறாமல் அதில் விழுவான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அத்தை விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அன்று ஆர்வோ ஊருக்கெல்லாம் ரோட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இன்று காலுக்குக் கீழே கரகரவென்று நல்ல பிடிப்பு.

"படி நல்லாருக்கே அத்தை."

"ம்" என்றாள் அவள், தடியை ஊன்றி நிதானமாக இறங்கியபடி.

இப்போது லைல் ஆக்சிலேட்டரை மிதித்தான். முன் சக்கரங்கள் கத்தின. வண்டி நகரவில்லை. சக்கரத்தின் சூட்டில் உருகிய பனி மறுபடி உறைந்து பளபளவென்று ஆனது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சாணே ஏறவில்லை.

"இன்னும் கொஞ்சம் மிதி. மூஞ்சி பார்த்துக்கலாம் அதுல" என்றாள் அத்தை.

இறங்கிப் போய்க் கால்மிதியை உருவிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தான். மறுபடி மிதித்தான். சக்கரம் அதை விழுங்கி, பின்னால் துப்பி, பாலத்துக்கு அடியில் ஓடையில் எறிந்தது. இன்னொரு கால்மிதியும் அதைத் தேடிப் போனது.

"டிக்கியில சாம்பல் வாளி இருக்குமே, எடு."

இந்தப் பக்கத்தில் குளிர்காலம் வந்துவிட்டால், வழுக்கும் பனியில் சக்கரப் பிடிப்புக்குத் தூவ அடுப்புச் சாம்பலை ஐஸ்கிரீம் வாளியில் அள்ளி டிக்கியில் போட்டுக்கொள்ளாமல் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். கூட ஒரு மண்வாரி, ஒரு கயிறு, ஒரு கம்பளி.

"இல்ல அத்தை."

"எங்க போச்சு?"

"கார்லா வண்டியச் சுத்தம் பண்ணச் சொன்னா. எல்லாத்தையும் எறக்கி வச்சிட்டேன்."

"சரியாப் போச்சு. மண்வாரியுமா?"

"மண்வாரியும்."

ஒரு மணல் மூட்டை மட்டும் மிச்சம். அதுவும் டிக்கியோடு உறைந்து ஒட்டிக்கொண்டதால் எடுக்க முடியாமல் விட்டது. கையால் பனியைத் தோண்டி டிக்கியைத் திறந்து, ஜாக்கிக் கம்பியால் அதை உடைத்துப் பார்த்தான். மூட்டை உடையவில்லை. கம்பி எகிறிப் பின் விளக்கை உடைத்தது.

அப்போதுதான் கவனித்தான். புகைக்குழாய் பனிக்குள் புதைந்து கிடந்தது. ஓடிப்போய் எஞ்சினை அணைத்தான்.

"ஏன் அணைச்ச? குளுருது."

"குழா அடைச்சிருக்கு அத்தை. ஓட விட்டா புகை உள்ள வந்துடும். ரெண்டு பேரும் தூங்கிருவோம்."

"ஒரே செலவுல மூணு பேருக்கும் பூசையா? பாதிரியாருக்கு லாபம்."

குழாயைச் சுற்றித் தோண்டினான். சரிவிலிருந்து பனி மறுபடி சரிந்து மூடியது. போனில் சிக்னல் இல்லை. அந்தச் சாலையில் வரக்கூடிய ஆட்கள் அத்தனை பேரும் ஏரியில் ஆர்வோவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

நேரம் போனது. அத்தையின் உதடு நீலம் பூத்தது. கிண்டலும் நின்றுவிட்டது. அதுதான் லைலுக்குப் பயமாக இருந்தது.

"மாப்ள" என்றாள் கடைசியில், கண்ணை மூடிக்கொண்டே. "இருக்கறத வச்சு ஏதாச்சும் பண்ணு. நான் பாக்கல."

இருப்பது ஒன்றுதான். லைல் பின் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, பெட்டியைத் தூக்கினான்.

ஒரே ஒரு கை மட்டும் என்றுதான் ஆரம்பித்தான். வலது சக்கரத்துக்கு ஒரு கை போட்டால் இடது சக்கரம் சுற்றியது. இடதுக்குப் போட்டால் வலது. சாம்பல் நரைத்த நிறத்தில், மாவு மாதிரி, அடுப்பில் அள்ளுகிற சாம்பல் போலவே இருந்தது. கடைசியில் மனுஷனும் விறகுதான் போல என்று நினைத்தான். "மன்னிச்சிருங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கவிழ்த்தான்.

வண்டி ஒரு முனகலோடு சாலைக்கு ஏறியது. மாமனார் முதல்முறையாக மருமகனுக்கு ஒத்தாசை செய்திருந்தார்.

அத்தை கண்ணைத் திறந்தாள். எதுவும் கேட்கவில்லை.

ஏரி வந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஜன்னலை இறக்கி, கதவைச் சற்றே திறந்து பிடித்தபடி, பனி உடைந்து வண்டி உள்ளே போனால் குதிக்கத் தோதாக, பனிக்கட்டியின் மேல் ஊர்ந்தான். மச்சான் வெய்ன் மீன் பிடிக்க உறைந்த ஏரி மேலேயே நிறுத்தியிருந்த மீன்குடில் அருகே எல்லோரும் துளையைச் சுற்றி நின்றார்கள். கார்லா கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கை விறைச்சுப் போச்சு. சூடு காட்டிட்டு வந்துடறேன்" என்று லைல் பெட்டியோடு மீன்குடிலுக்குள் நுழைந்தான். உள்ளே விறகடுப்பு. கதவைச் சாத்தி, அடுப்புச் சாம்பலை அவசரமாக அள்ளிப் பெட்டியில் போட்டு மூடினான்.

அதில் கங்கு இருந்ததை அவன் பார்க்கவில்லை.

பாதிரியார் பெட்டியை வாங்கி ஜெபத்தைத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். மூடியின் ஓரத்தில் மெல்லிசாகப் புகை கிளம்பியது.

"என்னய்யா இது? அப்பா புகையறாரு!" என்றான் வெய்ன்.

கார்லா மெதுவாகத் திரும்பி லைலைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது, வீட்டில் இனி ஒற்றைத் தட்டுதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் முழிக்கிறீங்க?" என்றாள் அத்தை. "உசுரோட இருக்கும்போது எந்நேரமும் வாயில பைப்புதானே? ஊத்துங்க சீக்கிரம்."

ஊற்றினார்கள். சுர்ரென்று ஒரு சத்தம் வந்தது. யாரோ ஆமென் என்றார்கள்.

கார்லா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது. "இந்த ரோட்டுல, இந்தப் பனியில, ரெண்டு பேரையும் கொண்டு வந்து சேத்துட்ட. சேப்பேன்னு நான் நம்பல" என்றாள். "வீட்டுக்கு உன் வண்டியிலயே வர்றேன்."

திரும்பும் வழியில் அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். பாலம் வந்தபோது லைல் பிரேக்கைத் தொடவில்லை. பள்ளத்தருகே சாம்பல் நிறத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினான்.

அத்தை வீட்டில் காப்பிக்கு ஊரே வந்திருந்தது. ஒவ்வொருவராக வாசப்படியில் தட்தட்டென்று மிதித்துப் பூட்ஸ் பனியை உதறிவிட்டு உள்ளே போனார்கள். கார்லாவும் உதறிவிட்டுப் போனாள்.

லைல் படிக்குக் கீழேயே நின்றுவிட்டான். கடைசியாக அத்தை தடியை ஊன்றி வந்து சேர்ந்தாள்.

"அத்தை, என்னால முடியல. ஏரியில ஊத்துனது மாமா இல்ல. வெய்ன் அடுப்புச் சாம்பல். மாமாவ நான் அந்தப் பள்ளத்துல, சக்கரத்துக்கு அடியில…" அதற்குமேல் வரவில்லை. அழுதான்.

அத்தை தடியின் நுனியால் படியைக் கரகரவென்று கீறிக் காட்டினாள்.

"கண்ணத் தொடை மாப்ள. நீ பள்ளத்துல கொட்டுனது எங்க வீட்டு அடுப்புச் சாம்பல். இந்தப் படிக்குச் சாம்பல் போடச் சொல்லி நாப்பது வருஷமா உன் மாமாகிட்டக் கெஞ்சுனேன். நேத்துதான் கேட்டாரு."