கடைசிச் சவுக்கு மரம்

"மரம் நிக்குதே சார்!" என்றார் பக்கீர் முகமது, ஐந்தாவது மாதமாக.

ஞானையா வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது. ஊரப்பாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அவருடைய சவுக்குத் தோப்பை, அறுநூறு ரூபாய்க்கு வெட்டிக்கொள்ளக் குத்தகை எடுத்தவர் இந்தத் தாம்பரம் விறகுக்கடை பாய்தான். தோப்பு மொட்டையாகிவிட்டது. வெட்டிய மரமெல்லாம் விறகாகி, யார் யார் வீட்டிலோ சோறு பொங்கிச் சாம்பலாகவும் ஆயிற்று. பணம் மட்டும் வந்தபாடில்லை. காரணம், ஒப்பந்தத்தின் நாலாவது ஷரத்து: 'கடைசி மரமும் வெட்டப்பட்ட மூன்றாம் நாள் தொகை தரப்படும்.' தோப்பின் கோடியில் ஒற்றை மரம் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

அந்த ஷரத்தை எழுதிய புண்ணியவான் யார்? சாட்சாத் ஞானையாவேதான். கோணல் மரங்களை விட்டுவிட்டுப் போய்விடக் கூடாதாம்! முத்திரைத்தாளில் எட்டு ஷரத்து எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

"வெட்டித் தொலைக்க வேண்டியதுதானே, பாய்?"

"வெட்டுற ஆளு ஊருக்குப் போயிக்கீறான் சார். வரட்டும். இன்னா அவசரம்?"

அவசரம் இருந்தது. மகள் ஜெயசீலிக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முந்நூறு ரூபாய் கட்டாவிட்டால் இடம் போச்சு. அந்தக் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு அவள் தினம் தினம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதும்போதே சொன்னேன், கேட்டீங்களா?" என்றாள் மனைவி ரத்தினபாய். "ஒரு வரியில முடியுற சமாச்சாரத்துக்கு எட்டு ஷரத்து!"

"நீ சும்மா இரு. நானே வெட்டுறேன்."

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, கோடாலி இரவல் வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டினார். கையெல்லாம் கொப்புளம். இடுப்பு பிடித்துக்கொண்டது. மத்தியானம் மரம் சாய்ந்ததும் வியர்வையைக்கூடத் துடைக்காமல் விறகுக்கடைக்கு ஓடினார்.

"வெட்டியாச்சு, பாய்! எடுங்க பணத்தை!"

பாய் நிதானமாக மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்தைப் பிரித்தார். "ஆறாவது ஷரத்து. 'குத்தகைதாரரைத் தவிர வேறு எவரும் மரத்தில் கோடாலி வைத்தால் தொகை ரத்து.' உங்க கையெழுத்துதானே சார்? முத்து முத்தா கீது."

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கட்டும் என்று தானே வலியப் போய்ச் சேர்த்த ஷரத்து! வாத்தியார் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.

"கோர்ட்டுக்குப் போவேன்!"

"போங்களேன். உங்க பொண்ணு பேரப்புள்ள எடுத்தாலும் கேஸு முடியாது."

பெண்ணின் பேச்சு வந்ததும் வாத்தியாரின் கண் கலங்கிவிட்டது. பாய் பதறிப் போனார். அவர் வீட்டிலும் படிக்கிற பெண் மெஹர் பானு இருந்தாள்.

"அட, இன்னா சார் பேஜாரு பண்ணிகினு! ஒண்ணு பண்ணலாம். நான் சொல்லித்தான் நீங்க வெட்டினீங்கன்னு எழுதிப்போம். நூறு ரூபா விட்டுக்குடுங்க. ஐந்நூறு கைமேல தர்றேன்."

வியாழக்கிழமை, சாய்ந்து கிடந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்து புது ஒப்பந்தம் தயாரானது. எழுதியது யார் என்று கேட்க வேண்டாம். 'மேற்படி மரத்தை நாங்கள் இருவரும் மனமொப்பி வெட்டினோம். இதற்கு முழுப் பொறுப்பும் நாங்களே.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பாய் ஐந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுக்க, வாத்தியார் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து மூன்று தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். நாளைக்கே கட்டிவிடலாம்!

சாட்சிக்கு ஆள் வேண்டுமே? லெவல் கிராசிங் கேட் கீப்பர் லாசரஸ், பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்டவாளத்தோரமாக வந்தார். கூப்பிட்டதும் இறங்கி வந்து தாளை வாங்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தேதி போடலியே சார்? பாய், உங்க கையெழுத்து தெளிவா இல்ல, கீழ இன்னொண்ணு போடுங்க."

ஞானையா பூரித்துப் போனார். இத்தனை நாளில், ஒரு பத்திரத்தின் அருமை தெரிந்த மனுஷன் இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறான்!

லாசரஸ் தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் அந்தப் பணத்தையும் எடுத்துக்கினு கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் மாஸ்டர் கிட்ட வாங்க சார், அபராதம் கட்டணும். உங்க தோப்புல கடைசி மரத்த அஞ்சு மாசம் முந்தியே வெட்டியாச்சு. இது ரயில்வே மரம்."