ஆயரின் தொப்பியும் நான் படிக்காத பக்கமும்

சேத்தியாத்தோப்பு,
18 மே 2009

பாசமும் மரியாதையும் உள்ள ஆரோக்கியராஜ் மாமாவுக்கு, ஜான்சி எழுதுவது. அத்தையும் குழந்தைகளும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே அம்மா நலம், அப்பா நலம், ஆடும் நலம். என்னைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்; நானே சொல்கிறேன்.

கடலூர் கான்வென்ட் விடுதியில் இடம் வாங்கித் தருகிறேன் என்றீர்கள். கோயில் பீடத்தில் எனக்கு வேலை காத்திருக்கிறது, வரமாட்டேன் என்று பெருமையாக மறுத்தேனே, அந்த இடம் இன்னும் இருக்கிறதா மாமா? எங்கள் கோயிலில் பூசைக்கு உதவப் பையன்கள் மட்டும்தான். பெண்பிள்ளைகளும் உதவலாமா என்பதை அந்தந்த மறைமாவட்ட ஆயரே முடிவு செய்யலாம் என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, பங்கு ஃபாதரை நச்சரித்தேன். ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் சார்லஸ் ஐயா, "பொம்பளப் புள்ளைங்கள பீடத்துல ஏத்துனா பூசை உருப்புட்டாப்லதான்" என்றார். ஃபாதரோ, "புள்ளைங்களுக்கு உறுதிபூசுதல் குடுக்க ஆயர் வர்றாரு. நீ அவரு தொப்பியப் புடி. பாத்துட்டு அவரே சொல்லட்டும்" என்றார்.

அந்த உயரமான தொப்பியின் பின்னால் இரண்டு நாடா தொங்கும். வெறுங்கையால் தொடக்கூடாது, தோளில் போட்ட பட்டுத்துணியால் கையை மூடிப் பிடிக்க வேண்டும், நாடா பிடிப்பவர் பக்கம் இருக்க வேண்டும். இவ்வளவும் படித்ததும் தோழிகளுக்கு வகுப்பெடுக்க ஓடிவிட்டேன். கொடுக்கும்போது நாடா வாங்குபவர் பக்கம் வரும்படி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. நேற்றுக் கடைசி ஆசீருக்கு முன் நான் நீட்ட, அவர் பார்க்காமலே வாங்கி மாட்ட, இரண்டு நாடாவும் அவர் மூக்குக்கண்ணாடி மேல் விழுந்தன. வாசல் திரையை விலக்குவதுபோல் விலக்கி, "யாரும்மா நீ?" என்றார். பெயரைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததோ புத்தகத்தில் மனப்பாடம் செய்தது: "ஒரு நாடா பழைய ஏற்பாடு, இன்னொன்னு புதிய ஏற்பாடு, ஆண்டவரே!"

"ரெண்டு ஏற்பாடும் சேந்து என் கண்ண மறைக்குதும்மா" என்றார். மைக் வேலை செய்துகொண்டிருந்தது. கோயிலே சிரித்தது. சார்லஸ் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி செலுத்திக்கொண்டிருந்தார். "ஒன்னால எங்களுக்கும் போச்சுடி" என்று சொன்ன தோழி சிந்துஜா அதன்பின் என்னோடு பேசவே இல்லை. ஆகவே உடனே வந்து என்னைக் கடலூருக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

உங்கள் வீட்டின்மேல் இறைவனின் பார்வை என்றும் இருப்பதாக, நாடா எதுவும் மறைக்காமல்.

தலைகாட்ட முடியாத மருமகள்,
ஜான்சி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஃபாதர் வந்தார். ஆயர் சம்மதித்துவிட்டாராம்! "தொப்பிய இனி அந்தப் புள்ளையே புடிக்கட்டும். இந்தத் தப்ப அது மட்டும் மறுபடி செய்யாது" என்றாராம். பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் பழக்கிவிடும் பொறுப்பைச் சார்லஸ் ஐயாவிடம் கொடுத்திருக்கிறாராம். எனக்கு விடுதி வேண்டாம் மாமா. கடலூரில் இடம் இருந்தால் சார்லஸ் ஐயாவுக்குப் பாருங்கள்.