சிவப்பு வட்டம் ஒட்டியது தொடர்பாகச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு,

எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து உங்கள் சம்பந்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் நலம். என் முழங்கால் நலமில்லை, அது உங்களுக்குத் தெரிந்த பழைய செய்தி. அங்கே நீங்களும், வீட்டம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும், பேத்தியும், சோப்புப் பட்டறையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, மேற்கொண்டு விஷயத்தைத் தொடங்க எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

நீங்கள் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாலத்தைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு வருவதும், பேத்தி என் கண்ணாடியைப் பிடுங்கித் தான் போட்டுக்கொள்வதும் நான்கு வருடமாகத் தவறாத ஒன்று. இந்த மாதம் "பட்டறையில் வேலை இருக்கு, வர வேண்டாம்" என்று நீங்கள் சொல்லச் சொன்னதாக மகள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டு, "அப்பா, பட்டறையில வேலையே இல்லப்பா. ரெண்டு பேரை வேற லீவுல போகச் சொல்லிட்டாரு. மாமா சும்மா உட்கார்ந்து அந்த போட்டோவையே பாத்துக்கிட்டிருக்காரு. நீ ஏம்பா இப்படிச் செஞ்சே?" என்றாள். அந்தப் படத்தில் ஒரு கையில் பூதக்கண்ணாடியும் மறு கையில் உங்கள் மஞ்சள் உறை சோப்புமாக நிற்கும் ஆள் நான்தான். சோப்பின்மேல் சிவப்பு வட்டம் ஒட்டுவதும் என் விரல்தான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன என்பதை முறைப்படி விளக்குவது என் கடமை.

முதலில் உங்கள் அரசாங்கம் எங்கள் எண்ணெய்க்கு வரி போட்டது. எங்கள் அரசாங்கத்துக்கு ரோஷம் வந்து உங்கள் சோப்புக்கு வரி போட்டது. பதிலுக்கு நீங்கள் எங்கள் காகிதத்துக்கு, பதிலுக்கு நாங்கள் உங்கள் தரை துடைக்கும் மாப்புக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. நீங்கள், நாங்கள் என்று எழுதுவதெல்லாம் செய்தி படித்து வந்த பழக்கதோஷம். நீங்களும் நானும் யாருக்கும் எந்த வரியும் போட்டதில்லை. எங்கள் குடியிருப்பின் செயலாளரை உங்களுக்குத் தெரியும். குழாய் சொட்டினால்கூட பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு குழு அமைப்பவர். அவர் இருபத்துநான்கு வீட்டையும் மாடியில் கூட்டி, இனி அக்கரைப் பொருளைத் தொடக்கூடாது, நம் பொருளையே வாங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார். எது நம் பொருள், எது அக்கரைப் பொருள் என்று யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏன் பார்க்கமாட்டார்கள்? முப்பத்தொரு வருடம் லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். மருந்துச் சீட்டின் கடைசி வரியில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விட்டதில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை, சம்பந்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திட்டம் என்னவென்றால், தெருமுனைக் கடையில் எங்கள் பொருளுக்குப் பச்சை வட்டம், உங்கள் பொருளுக்குச் சிவப்பு வட்டம். கடைக்காரர் நல்ல மனுஷன், "ஒட்டிக்கோங்க சார், ஆனா வழியை மறைக்காதீங்க" என்றார். நான் மறைத்தேன். பற்பசை வரிசையில் மட்டும் ஒண்ணேகால் மணி நேரம் நின்றேன். ஏனென்றால் குழாய் இங்கே செய்தது, மூடி அங்கே செய்தது, உள்ளே இருக்கும் பசை எங்கே செய்தது என்று போடவே இல்லை. எனக்குப் பின்னால் கூடையோடு நின்ற ஒரு அம்மா, "மூடியை இங்கயே வச்சிட்டுப் போறேன், மீதியைக் குடுங்க" என்றார். இதற்குள் செய்தி பரவி, இரண்டாம் மாடி வீட்டம்மா விலை ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டுமென்று உங்கள் ஊர் மாப்பு நாற்பது வாங்கி மாடிப்படியில் அடுக்க, அதைத் தட்டிவிட்டு இறங்கிய செயலாளர் நாற்பதோடும் சேர்ந்து கீழே வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டிலும் சும்மா இல்லை. டின் திறக்கும் கருவி உங்கள் ஊர்த் தயாரிப்பு என்று கண்டுபிடித்துப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, எங்கள் ஊர்க் கருவி ஒன்று வாங்கி வந்தேன். முதல் டின்னிலேயே கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. பிறகு சுத்தியலால் முயன்றேன். பட்டாணி சமையலறைச் சுவர் வரைக்கும் போனது. உங்கள் சம்பந்தியம்மா ஈரத்துணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது சோப்புக்கு வருகிறேன். உங்கள் மஞ்சள் உறையைப் பார்த்ததும் எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து மாதாமாதம் நீங்கள் கொடுத்தனுப்பும் சோப்பு. அன்று காலையிலும் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் கடைக்குப் போயிருந்தேன். என் கை தயங்கியது. செயலாளர் பக்கத்தில் நின்று, "என்ன சார், சம்பந்தி சோப்புன்னு விட்டுடுவீங்களோ?" என்றார். சுற்றி ஏழெட்டுப் பேர். முப்பத்தொரு வருடம் யாருக்கும் சலுகை காட்டாதவன் என்று பேர் எடுத்தவன், சம்பந்தி. ஒட்டினேன். அவர் படம் எடுத்தார். படம் எனக்கு முன்னால் பாலத்தைத் தாண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதுதான் உண்மையில் நடந்தது. இதில் என் நிலைமையையும் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உங்கள் சோப்புக்குப் பதிலாக நான் பச்சை வட்டம் ஒட்டியது வெள்ளைப் பெட்டிச் சோப்புக்கு. முகப்பிலேயே 'நம் மண்ணின் சோப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இருபத்துநான்கு வீடும் அதற்கு மாறின. உங்கள் சோப்பு விலை ஏறியதும், அதைச் சாக்காக வைத்து வெள்ளைப் பெட்டிக்காரனும் தன் விலையை ஏற்றிவிட்டான், அது வேறு கதை. போன வாரம் குளித்துவிட்டு வந்த உங்கள் சம்பந்தியம்மா, "இது என்னமோ சம்பந்தி வீட்டுத் தெருவுல அடிக்கிற வாசனையா இருக்கே" என்றாள். பெட்டியின் பின்பக்கத்தை விளக்கடியில் வைத்து உரக்கப் படித்தாள். அச்சகத்தில் ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்ப்பது வழக்கம் இல்லையா, நானும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "கட்டிகளாக இறக்குமதி செய்யப்பட்டு இங்கே வெட்டிப் பெட்டியில் அடைக்கப்பட்டது" என்று படித்துவிட்டு, உங்கள் ஊர், உங்கள் தெரு, உங்கள் பட்டறைக்கு இரண்டு கட்டடம் தள்ளியிருக்கும் தொழிற்சாலையின் முகவரியைப் படித்தாள். நான், "ஒரு கமாவை விட்டுட்டே" என்றேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "எழுத்தைப் பாத்தீங்களே, என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள்.

அப்புறம் ஒளித்து வைத்திருந்த உங்க மஞ்சள் உறைச் சோப்பைத் துணி அலமாரியிலிருந்து எடுத்து வந்து அதையும் படித்தாள். ஆமாம், என் வீட்டிலேயே அது ஒளிந்துதான் இருந்தது. எண்ணெய் இங்கேயிருந்து போனது. உறை எங்கள் அச்சகத்தில் அடித்தது. நான் ஓய்வு பெற்ற வருஷம் நானே மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. அதாவது நம்ம எண்ணெய் பாலத்தைத் தாண்டும்போது ஒரு வரி, நம்ம காகிதம் தாண்டும்போது ஒரு வரி, ரெண்டும் சோப்பாகித் திரும்பி வரும்போது இன்னொரு வரி. இந்தக் கண்றாவியில் நான் என் கையெழுத்தின் மேலேயே சிவப்பு வட்டம் ஒட்டியிருக்கிறேன்.

மறுநாள் மாடியில் கூட்டம் கூட்டச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளர் கையில் கட்டோடு உட்கார்ந்து, இதை ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்றார். மூன்றாம் மாடி டீச்சர் எழுந்து, "குழுவெல்லாம் வேண்டாம் சார், வரி யாருக்கு விழுதுன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். அவர் யோசனைப்படி நானும் கடைக்காரரும் உட்கார்ந்து வட்டங்களை எல்லாம் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு சீட்டு வைத்தோம்: இந்த விலையில் பொருளுக்கு இவ்வளவு, வரிக்கு இவ்வளவு. இப்போது ஜனங்கள் உங்கள் ஊரைத் திட்டுவதில்லை, சீட்டைப் படித்துவிட்டு வரியைத் திட்டுகிறார்கள். இருபத்துநான்கு வீடும் கையெழுத்துப் போட்டு வணிக அலுவலகத்துக்கு மனு அனுப்பியாயிற்று. அதில் பிழை இல்லை என்பதற்கு நான் பொறுப்பு. உங்கள் பக்கத்துக் கடைக்காரர்களும் எங்கள் எண்ணெய்க்குக் கீழே இப்படி ஒரு சீட்டு வைத்தால் நன்றாயிருக்கும். நாற்பது மாப்பையும் வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம், மீதி பதினாறு பள்ளிக்கூடத்துக்குப் போனது. இன்னொன்று, சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு மூன்று சோப்பு வரியில்லாமல் பாலத்தில் கொண்டுவரலாமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஒரு வேன் பேசியிருக்கிறார். பதினெட்டுப் பேர், ஐம்பத்துநான்கு சோப்பு. சுங்க அதிகாரி மோந்து பார்த்தாலும் பரவாயில்லை. உங்கள் பட்டறை வாசலில் வேன் நிற்கும். நான் இறங்கலாமா, வேனிலேயே இருக்கட்டுமா என்பதை மட்டும் மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு வாழ்த்து. பேத்திக்கு ஆயிரம் முத்தம். அதற்காவது எந்தப் பக்கமும் வரி இல்லை. லீவில் போன இருவரும் சீக்கிரம் வேலைக்குத் திரும்பும்படி உங்கள் சோப்புக் கொப்பரை கொதிக்கட்டும்.

தங்கள் நலம் நாடும்,
சம்பந்தி

பின்குறிப்பு: மேற்படிக் கடிதத்தை மூன்று முறை சரிபார்த்து, ஒரு பிழையும் இல்லை என்று உறுதி செய்தபின் உங்கள் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் படித்துவிட்டு, "பிழை இல்லைங்க. ஆனா எதை எழுத உட்கார்ந்தீங்களோ அது எங்க?" என்றாள். பூதக்கண்ணாடியை வைத்து முதல் வரியிலிருந்து தேடிப் பார்த்தேன். இல்லை. ஆகவே, 'பெருமதிப்புக்குரிய' என்பதிலிருந்து 'சம்பந்தி' என்பது வரை மேலே உள்ள அனைத்தையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கீழ்க்கண்டதைச் சேர்த்துக்கொள்ளவும்:

என்னை மன்னிச்சிடுங்க.