போத்தலடுக்கி வறுத்த முந்திரிகை

“தம்பி, முந்திரிகைப்பழத்தை எவ்வளவு நேரம் வறுக்கிறது?”

பக்கத்து வீட்டு வசந்தினி அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டார். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவன்தான் நான். ஆனால் கொடியில் குலைகுலையாகத் தொங்கும் சாறு நிறைந்த ஒரு பழத்தை ஏன் வறுக்கவேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

“பழத்தை வறுக்கிறதோ அக்கா?”

“வீடியோவிலை வடிவாச் சொல்லுறாங்கள், முந்திரியை வறுத்து மேலே தூவுங்கள் எண்டு. இந்தியாக்காரருக்குத் தெரியாதே?”

வாசகர்களே, போத்தலடுக்கி என்ற இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். கண்ணாடிப் போத்தலுக்குள் பழத்தையும் சீஸையும் அடுக்கடுக்காக இறக்கி, மூடி, போகுமிடமெல்லாம் காவித் திரியும் இனம் இது; வசந்தினி அக்காவும் இதில் ஒருவர். இவர்கள் வீட்டில் ஜாம் முடிந்து போத்தல் கழுவப்படுவதில்லை. போத்தல் கழுவப்படுவதால் ஜாம் முடிகிறது. மாம்பழத்துக்குப் பக்கத்தில் பப்பாசியை வைத்தால் நிறம் சண்டை பிடிக்கும் என்பார்கள், நடுவில் சீஸை வைத்துச் சமாதானம் செய்வார்கள், பிறகு போத்தலை யன்னல் வெளிச்சத்தில் வைத்து இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம், அண்ணாந்து ஒரு படம் எடுப்பார்கள். சாப்பிடுவார்களா? கேட்காதீர்கள். கரண்டி போட்டால் அடுக்குக் குலைந்துவிடும்!

ஆனால் அன்று ஒருவர் கரண்டி போட்டே ஆகவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாணவர் விடுதி நடத்தும் தில்லைநாதன், ருசி பிடித்தால் விடுதிப் பிள்ளைகளுக்கு நாளாந்தம் அக்காவின் போத்தல்களை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி அக்கா தையல்கடை வேலையை அந்தக் கிழமைதான் விட்டிருந்தார். பிடிக்காவிட்டால்? பழையபடி அந்த முதலாளியம்மாவின் முகத்தில்தான் முழிக்கவேண்டும்.

அக்காவின் கணவர் அருட்பிரகாசம் அண்ணை ஓட்டோவை எடுத்தார். அக்கா போத்தலை மடியில் நட்டுக்குத்தாக வைத்திருந்தார். நானும் ஏறிக்கொண்டேன். இதை யார் தவறவிடுவார்?

“மெல்ல ஓடுங்கோப்பா! சீஸ் அன்னாசிக்குள்ளை இறங்குது!”

“இதுக்கு மேலை மெல்ல ஓடினால் ஓட்டோ பின்னுக்குத்தான் போகும். கும்பத்தோடை கோயிலுக்குப் போறவள் மாதிரி இருக்கிறாய்!”

தில்லைநாதன் போத்தலைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். மேலே சுருங்கி, வெடித்து, கறுத்துக் கிடந்த உருண்டைகளிலிருந்து ஊதாச் சாறு வழிந்து, வெள்ளைச் சீஸ் முழுவதும் கோலம் போட்டிருந்தது.

“உது என்ன பிள்ளை?”

“வறுத்த முந்திரிகை.”

“ஏன் வறுத்தனீங்கள்?”

அக்கா வீடியோவைச் சொன்னார். தில்லைநாதனுக்குச் சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. “ஐயோ பிள்ளை, அவங்கள் முந்திரி எண்டு சொல்லுறது எங்கடை கஜுக்கொட்டையை! எங்கடை முந்திரிகைக்கு அவங்கள் திராட்சை எண்டுவாங்கள்.”

அருட்பிரகாசம் அண்ணை வெளியே போய் ஓட்டோச் சக்கரத்தை உற்றுப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அக்காவோ தலையை நிமிர்த்தினார். பிழையை ஒப்புக்கொண்ட போத்தலடுக்கி இன்னும் பிறக்கவில்லை.

“தெரியும் அண்ணை. கஜுவை எல்லாரும் போடுவினம். இது எங்கடை ஸ்பெஷல்.”

தில்லைநாதன் ஒரு கரண்டி அள்ளினார். மென்றார். இன்னொன்று. சீஸின் உப்பும் வறுபட்ட பழத்தின் இனிப்பும் உள்ளே என்ன கதைத்தனவோ, கரண்டி அடியைத் தட்டும்வரை அவர் நிமிரவேயில்லை.

“நாளையிலையிருந்து கொண்டாங்கோ,” என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. “ஆனால் ஒண்டு, கஜுவைப் போட்டுப் பழுதாக்கிப்போடாதேங்கோ!”

இப்போது அக்கா தானே வீடியோ போடுகிறார். மருதனார்மடம் சந்தையில் முந்திரிகை வாங்குபவர்கள், “வறுக்கிறதுக்கோ, சாப்பிடுறதுக்கோ?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகரலாம்.

இந்தக் கதையைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுங்கள். முக்கியமாக, “சீ, நான் அப்படியில்லை” என்று சொல்லக்கூடியவர்களுக்கு. நீங்கள் அப்படியில்லைத்தான், நம்புகிறேன். ஆனால் வாசித்துக்கொண்டே எங்கே எழுந்து போகிறீர்கள்? குளிர்சாதனப் பெட்டியில் முந்திரிகை இருக்கிறதா என்று பார்க்கவா?