இலையை மடிக்காத பேராசிரியர்

நேற்று எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். மொழிபெயர்ப்பது.

அக்கா கம்பஸில் விவசாயம் படிக்கிறாள். காலநிலை மாற்றம், வீணாகாத உணவு என்று வெளிநாட்டுக் கம்பஸோடு சேர்ந்து ஒரு திட்டம். அதற்காக அங்கிருந்து ஒரு பேராசிரியர் வந்திருக்கிறார். மஹய்யாவையில் எங்கள் வீட்டில் அம்மா பெயின்ட் வாளிகளில் கீரை வளர்ப்பதைப் பார்த்து, சாப்பிட்டும் பார்த்துவிட்டு, அக்காவை அங்கே படிக்கக் கூப்பிடுவதா என்று முடிவு செய்வாராம்.

அவர் நேரத்துக்கு வந்துவிட்டார். அக்கா கட்டுகஸ்தோட்டை வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டாள்.

"நான் வர்ற வரைக்கும் அவர் சொல்றத அம்மாக்குச் சொல்லு. யார் குரல்லயும் பேசாத. என் பயணமே உன் வாயில இருக்கு!" என்றாள் போனில்.

"நல்லது பிள்ளை, ஒழுங்கா வந்து சேருங்க" என்றேன், எங்கள் பள்ளிக்கூட அதிபர் குரலில்.

அம்மா வாழையிலை போட்டார். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல். பேராசிரியர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இலை கழுவியதுபோல் பளபளத்தது.

எங்கள் வீட்டில் வெறும் இலை என்றால் ஒரே அர்த்தம். ஆள் இன்னும் பசியோடு இருக்கிறார்.

அம்மா வைத்தார். அவர் முடித்தார்.

"திரும்ப வைக்கலாமாடி? ஏதாச்சும் நெனச்சுக்குவாரோ? அக்காவக் கேளு" என்றார் அம்மா என்னிடம்.

நான் போனோடு குசினிக் கதவுக்குப் பின்னால் போய், ஸ்பீக்கரில் வருவதுபோல் அக்கா குரலில் கத்தினேன். "வைங்கம்மா! அவங்க ஊர்ல இதெல்லாம் கெடைக்குமா?"

அம்மா குவித்து வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது பார்த்து உண்மையான அக்கா அம்மாவின் போனுக்கு அழைப்பு எடுத்தாள். "அம்மா, சார் சாப்பிடுறாரா? இப்பதான் உங்களுக்கு எடுக்க முடிஞ்சிச்சு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பேராசிரியர் என் பக்கம் சாய்ந்து, "தயவுசெய்து, போதும்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அம்மா, அவருக்குப் போதுமாம்."

"வாய மூடு. இதுவும் உன் வேலதான்." ஒரு கரண்டி.

இலையில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று அவரிடம் சொன்னேன். "உலகம் முழுக்கப் போய் மிச்சம் வைக்காதே என்று சொல்கிறவன் நான்" என்றார் துயரத்தோடு.

அதை அம்மாவுக்கு அப்படியே சொன்னேன். பேராசிரியரின் குரலிலேயே. அதுதான் பிழை.

"வீட்டுக்கு வந்தவரயே நக்கலடிக்கிறியா! மனசுல வச்சுக்காதீங்க சார்." சமாதானத்துக்கு இரண்டு கரண்டி.

அக்கா ஓடி வந்தபோது பேராசிரியர் சுவரைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார். அக்கா முகம் வெளுத்துவிட்டது. இலையை மடிக்கும்படி கையால் காட்டினாள்.

மடித்தார்.

அம்மா உடனே கரண்டியைக் கீழே வைத்தார். "அட, அவ்வளவுதானா? மொதல்லயே மடிச்சிருக்கலாமே!"

இது உனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். அக்கா ஏற்கெனவே கேட்டுவிட்டாள், என் காதைப் பிடித்துக்கொண்டு.

பேராசிரியர் போகும்போது வாசல் நிலையைப் பிடித்து நின்றார். இந்த வீட்டில் எதுவுமே வீணாவதில்லை, அக்கா கட்டாயம் வரவேண்டும் என்றார். முதல் நாள் சாப்பாடு அவர் வீட்டில்தானாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

அங்கே எல்லாம் பீங்கான் தட்டாம். அதை எப்படி மடிப்பது என்றுதான் அக்காவுக்கு இப்போது கவலை.