மாப்பிள்ளை நெற்றியில் குர்குமின்

படித்த படிப்பை வீட்டு விசேஷத்தில் காட்டாமல் இருக்கத் தனியாக ஒரு படிப்பு வேண்டும். அக்காவின் கல்யாணம்வரை அது எனக்கு இல்லை.

அப்போது நான் எம்.பார்ம் மாணவி. ஆறு மாதமாக மஞ்சள்தான் ஆராய்ச்சி. கிழங்கைப் பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்து, அதன் நிறத்துக்கும் வீக்கம் தணிக்கும் குணத்துக்கும் காரணமான குர்குமினைத் தனியே பிரித்திருந்தேன். சின்னக் குப்பியில் ஆரஞ்சுப் பொடி. (தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.)

காலையில் முகூர்த்தம் முடிந்து மணமக்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆரத்தி கரைப்பது என் பொறுப்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஊருக்கே தெரியும். கடைப்பொடியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அக்காவுக்குச் சுத்தமான சரக்கே போகட்டும் என்று குப்பியில் பாதியைத் தட்டில் கவிழ்த்தேன். பொடி தண்ணீரில் கரையாமல் மிதந்தது. எஞ்சியதைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் விட்டேன். ரத்தச் சிவப்பு. என் பட்டியலில் தட்டு, வெற்றிலை, கற்பூரம் எல்லாம் இருந்தன. தோலில் தொட்டுச் சோதிப்பது மட்டும் இல்லை.

சுற்றி முடித்து இருவர் நெற்றியிலும் தாராளமாகப் பொட்டு வைத்தேன். பிறகு அம்மா துடைத்தார். போகவில்லை.

"சோப்புப் போடு சாமி" என்றார் அம்மா. போட்டேன். சோப்பு காரம். காரம் பட்டால் குர்குமின் சிவக்கும் என்று என் ஆய்வேட்டில் நானே எழுதியிருந்தேன். மாப்பிள்ளை நெற்றி புதுக்காயம்போல் ஆனது.

"ஏனுங்க, பையன் எங்கியாச்சும் இடிச்சுக்கிட்டானா?" என்று மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றார்.

எலுமிச்சையைப் பிழிந்தேன். புளிப்புக்கு மறுபடி மஞ்சளானது. ஆனால் இப்போது புருவம்வரை.

சாயங்காலம் ஃபேர்லேண்ட்ஸ் மண்டபத்தில் வரவேற்பு. மாப்பிள்ளையின் முதலாளியும் மொத்த உறவும் வருகிறார்கள்.

"ஏன்டி, உன் பரிசோதனைக்கு என் ஊட்டுக்காரர் மூஞ்சிதான் கெடைச்சுதா?" என்றாள் அக்கா. (அவர் ஊட்டுக்காரராகி மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவள் நெற்றியும் மஞ்சள்தான். அதை அவள் சொல்லவே இல்லை.)

மாப்பிள்ளைக்குப் பள்ளிபாளையத்தில் சாயப்பட்டறை வேலை. கண்ணாடியில் தன் நெற்றியைத் துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வெறும் மஞ்சச் சாயந்தானுங்க அம்மிணி?"

"ஆமாங்க மச்சான்."

"அப்பறமென்ன. இது வெயிலுக்கு நிக்காத சாயம்."

வெளிச்சத்தில் குர்குமின் சிதையும் என்பதும் என் ஆய்வேட்டில் உண்டு. எத்தனையாவது பக்கம் என்றுகூடத் தெரியும். நினைவுக்குத்தான் வரவில்லை.

இருவரும் மொட்டைமாடியில் வெயிலுக்கு நெற்றியைக் காட்டி அண்ணாந்து நின்றார்கள். நான் மோர் சுமந்தேன். மூன்று மணிக்குள் நிறம் பாதிக்கு மேல் மங்கியது. மிச்சத்தை அலங்காரம் செய்த பெண் மறைத்துவிட்டாள்.

அன்றுதான் கிழங்கின் மேல் எனக்கு மரியாதை வந்தது. கொஞ்சமே கொஞ்சம் குர்குமினை மாவுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் அளவாக வைத்திருக்கிறது. அதனால்தான் அதை முகத்தில் பூசிக் குளித்துவிட்டு வேலைக்குப் போக முடிகிறது. அந்த அளவைக் கெடுக்க எனக்கு ஆறு மாதமும் ஒரு ஆய்வகமும் தேவைப்பட்டன.

போட்டோக்காரர் மாடிக்கும் வந்திருந்தார். ஆல்பத்தில் அது முழுப்பக்கப் படம்: பட்டுச்சேலையும் வேட்டியுமாக இரண்டு பேர், உச்சிவெயிலில் கண்ணை இடுக்கி வானத்தைப் பார்க்கிறார்கள். இது என்ன என்று யார் கேட்டாலும் மச்சான் ஒரே பதில்தான் சொல்கிறார்.

"மத்தவங்களுக்கெல்லாம் அருந்ததிய ஒரு நிமிசந்தான் காட்டுவாங்க. எங்களுக்குக் கொழுந்தியா மூணு மணி நேரம் காட்டுச்சுங்க."